எடுபிடின்னா இன்னா மிஸ்?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்ககத்தின் சங்கக் கூட்டத்திலிருந்து பாதியில் எழுந்து வந்துவிட்டேன். எழுந்து வந்தேன் என்பது நாகரிகமாகச் சொல்வது. நாற்காலியைப் பின்னால் தள்ளிய வேகத்தில் அது கவிழ்ந்து விழுந்தது, நிமிர்த்தி வைக்காமலே வந்தேன். சேலையூர் கேம்ப் ரோட்டில் இருபத்து நான்கு வீடுகள் கொண்ட சாதாரணக் கட்டடம் எங்களுடையது. வாட்ச்மேன் ஒருவர், மாடிப்படி கழுவ ஒரு பெண்மணி. இரண்டு பேர் எதற்கு என்று பேச்சு வந்தது. செயலாளர் நல்ல மனிதர்தான், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தனித்தனியா எதுக்கு சார்? எடுபிடி ஆளு ஒண்ணு போதும். கேட்டையும் பாத்துக்கும், மாடியும் கழுவும், மோட்டாரும் போடும்."

ஒண்ணு. பாத்துக்கும். கழுவும். போடும்.

முப்பது வருடம் தமிழ் இலக்கணம் நடத்தியவள் நான். மனிதரை இப்படி மாடு, மிக்ஸி கணக்கில் சேர்த்து ஒரு மாணவன் எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். செயலாளரைச் சுழிக்க வழியில்லை. நாற்காலிதான் கிடைத்தது.

மேலே ஏறும்போது படிகள் அப்போதுதான் கழுவி ஈரமாக இருந்தன. பினாயில் வாசனை. மற்றவர்களுக்கு அந்த வாசனையில் ஆஸ்பத்திரி ஞாபகம் வருமாம். எனக்கு அ, ஆ, இ, ஈ ஞாபகம் வரும். ஏன் என்று சொல்கிறேன். எனக்கு நல்ல பெயர் வாங்கித் தராத கதை இது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், தமிழ் எம்.ஏ. முடித்த கையோடு, சேலையூரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். ஊரின் பழைய குடும்பம் ஒன்று நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, மிச்சமிருந்த கொல்லையில் கட்டிய பள்ளி. முன்னால் அவர்கள் வீடு, பின்னால் மாடிக் கட்டடம், அதற்கும் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான ஷெட். சின்ன வகுப்புகள் எல்லாம் ஷெட்டில்தான். தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலே தாழ்ந்து போகும்போது கூரை அதிரும். பாடம் அப்படியே நிற்கும். சத்தம் ஓய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வோம். பாதிச் சொல்லில் வாயைத் திறந்தபடி நிற்க எனக்கு அங்கேதான் பழகியது. பிற்பாடு அது வேறு விதத்திலும் எனக்குப் பயன்பட்டது.

பள்ளியை நடத்திய அம்மாவை எல்லோரும் கரஸ்பாண்டென்ட் அம்மா என்போம். பட்டுப் போன்ற பேச்சு. யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. அந்தப் பள்ளியில் மொத்த வேலையையும் செய்தவர் கன்னியம்மா.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு 'கன்னிம்மா, இங்க வா' என்றுதான் கூப்பிட்டேன். எனக்கு இருபத்து மூன்று வயது, அவருக்கு முப்பதுக்கு மேல். அவர் என்னை 'வாங்க மிஸ்' என்பார். இது எனக்கு உறுத்தவே இல்லை. தமிழ் எம்.ஏ.!

கன்னியம்மா கோவளத்துப் பக்கம் மீனவர் குப்பத்துப் பெண். அம்மா மீன் விற்றவர். பத்தாவது வரை படித்திருந்தார். இராஜகீழ்ப்பாக்கம் ஏரிக்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். கணவருக்குப் பம்மலில் தோல் தொழிற்சாலையில் வேலை. குழந்தை இல்லை. காலை ஏழரைக்குப் பள்ளிக்கு வந்தாரென்றால் மணி அடிப்பது, அடிகுழாயில் தண்ணீர் அடித்துப் பானைகளை நிரப்புவது, கழிப்பறை கழுவுவது எல்லாம் அவர்தான். ரிக்‌ஷாவில் வரும் குழந்தைகளை இடுப்பில் தூக்கி இறக்குவார். பரீட்சை வந்தால் வினாத்தாள் நகலெடுக்கும் உருளையைச் சுற்றிச் சுற்றித் தோள்வரை மை பூசிக்கொள்வார். முட்டி பெயர்ந்தால் மருந்து, வாந்தி எடுத்தால் மண், பாம்பு வந்தால் கம்பு. இதற்கு நடுவே முன்கட்டு வீட்டுக்கு மாவு ஆட்டுவதும், மண்ணெண்ணெய் வரிசையில் நிற்பதும், கரஸ்பாண்டென்ட் அம்மாவின் மாமியாருக்குக் கால் பிடித்துவிடுவதும்.

யாராவது பெரிய மனிதர் வந்தால் கரஸ்பாண்டென்ட் அம்மா அறிமுகம் செய்வார்: "இது கன்னிம்மா. நம்ம எடுபிடி. எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி."

மாதிரி! அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எவ்வளவையும் ஒளித்து வைக்கலாம்.

எடுபிடி என்ற சொல் அப்போது எனக்குப் பிடித்திருந்தது என்றால் நம்புவீர்களா? ஆசிரியர் அறையில் சாப்பாட்டு வேளையில் அதைப் பிரித்துக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டேன். எடு, பிடி இரண்டும் வினையின் முதனிலைகள். இரண்டும் சேர்ந்து தொழிலைக் குறித்து, அப்புறம் அந்தத் தொழிலைச் செய்பவருக்கு ஆகி வந்திருக்கிறது; ஆகவே ஆகுபெயர் என்றெல்லாம் அளந்தேன். எடு என்றாலும் பிடி என்றாலும் அவை கட்டளைகளும்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. 'அதை எடு, இதைப் பிடி' என்று நாள் முழுக்க ஒருவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நம் வாயிலிருந்து வந்ததையே அவருக்குப் பெயராகச் சூட்டிவிட்டோம். தச்சர் என்றால் மரம் தெரியும், கொத்தனார் என்றால் சுவர் தெரியும். எடுபிடி என்றால் ஏவுகிற நம் விரல் மட்டும்தான் தெரிகிறது. அதைச் செய்கிற ஆள் எங்கே? இந்தக் கேள்வி எனக்கு வர வேண்டியிருந்தது. வரவில்லை. கறிக்குழம்பு வாசனையில் ஆகுபெயர் நன்றாக எடுபட்டது, எல்லோரும் சிரித்தார்கள். மேசை துடைக்க வந்த கன்னியம்மாவும் சிரித்தார்.

இந்த நிலையில் யூகேஜி 'பி' பிரிவின் மிஸ் கல்யாணமாகிப் போய்விட்டார். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. "புது மிஸ் வர்ற வரைக்கும் பசங்க அழாம பாத்துக்கோ" என்று கன்னியம்மாவை அங்கே உட்கார வைத்தார்கள். புது மிஸ் வரவே இல்லை. அந்த 'வரைக்கும்' ஒன்றே முக்கால் வருடம் நீண்டது.

அழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னவர்கள் பாடம் நடத்தச் சொல்லவில்லை. ஆனால் முப்பத்தாறு குழந்தைகள் எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்தால் சும்மா இருக்க முடியுமா? கன்னியம்மா காலை வேலைகளையெல்லாம் எட்டரைக்குள் முடித்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சுண்ணக்கட்டியை எடுத்தார். மணி அடிக்கவும் பானை நிரப்பவும் மட்டும் இடையில் ஓடி வருவார்.

அவர் வகுப்பைப் போல ஒரு வகுப்பை நான் பார்த்ததில்லை. எண் சொல்லிக் கொடுக்க மீன்களை வரைவார். நெத்திலியைக் கூறு கட்டுவது மாதிரி பத்துப் பத்தாகப் பலகையில் கூறு போடுவார். "மூணு கூறு, அதுக்கு மேல நாலு. எத்தினி?" "முப்பத்தி நாலு!" என்று ஷெட்டே அலறும். ஆங்கில எழுத்துகளைப் பக்கத்து ஏ பிரிவின் சன்னலோரம் தண்ணீர்ப் பானை நிரப்பும் சாக்கில் கேட்டு, அந்த உச்சரிப்பை அப்படியே கொண்டு வந்து இறக்குவார்.

ழகரத்தில்தான் தகராறு. கன்னியம்மாவின் நாக்கில் அது வராது. வாழைப்பழம் அவருக்கு வாயப்பயம். அதை அவர் மறைக்கவும் இல்லை. "எனுக்கு வராது கண்ணுங்களா. உங்களுக்கு வந்தே ஆவணும்" என்பார். நான் அந்தப் பக்கம் போனால் வாசலில் மறித்துக்கொள்வார்: "தமிழ் மிஸ், ஒரு தபா சொல்லிட்டுப் போங்க." நான் வாசலில் நின்று 'ழ' என்று சொல்லிவிட்டுப் போவேன். குழந்தைகள் என் உச்சரிப்பைப் பிடித்துக்கொண்டு, திரும்பி அவருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அவர் வேண்டுமென்றே இன்னும் மோசமாகச் சொல்வார். "இல்ல மிஸ்! தப்பு மிஸ்! நாக்க மடிங்க மிஸ்!" தப்பைத் திருத்துகிற சந்தோஷத்திலேயே முப்பத்தாறு பேருக்கும் ழ வந்துவிட்டது. அந்த வகுப்புக்கு நான் செய்த மொத்தத் தொண்டு அந்த ஒற்றை எழுத்து.

ஆனால் மதிப்பெண் அட்டையில் கையெழுத்து என்னுடையது. 'வகுப்பாசிரியர்' என்ற இடத்தில் யாராவது போட வேண்டுமே. "நீ போட்டுடும்மா, உன் கையெழுத்து அழகா இருக்கு" என்றார் கரஸ்பாண்டென்ட் அம்மா. போட்டேன். முதல் ஆண்டு விழாவில் சிறந்த தொடக்கநிலை ஆசிரியர் என்று என் பெயரை அழைத்தார்கள். பெற்றோர் எல்லாம் யூகேஜி 'பி'யைப் புகழ்ந்திருந்தார்களாம். மேடையில் ஏறினேன். பரிசு ஒரு சுவர்க் கடிகாரம். பரிசுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கன்னியம்மா. தட்டிலிருந்து கடிகாரத்தை எடுத்துச் சிறப்பு விருந்தினர் கையில் கொடுத்தவரும் அவர்தான். விருந்தினர் எனக்குக் கொடுத்தார். கன்னியம்மாவால் கைதட்ட முடியவில்லை, கையில் தட்டு இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது எடுத்த புகைப்படத்தைப் பின்னாளில் கிழித்துப் போட்டேன், கிழித்தால் ஆயிற்றா?

அடுத்த ஆண்டுக் குழந்தைகளில் ஹேமா என்று ஒரு பெண். முதல் மூன்று மாதம் அவள் வாயே திறக்கவில்லை. வீட்டில் பேசுவாளாம், பள்ளி வாசலில் குரல் நின்றுவிடும். கன்னியம்மா அவளைப் பேசு என்று சொல்லவே இல்லை. விளையாட்டு நேரம் முடிந்ததும் மடியில் உட்கார்த்தி, கலைந்த சடையைப் பிரித்துப் பின்னிவிடுவார். பின்னிக்கொண்டே எதையாவது தப்புத் தப்பாக எண்ணுவார். ஒரு நாள் பன்னிரண்டுக்குப் பிறகு பதினான்கு என்றார். மடியிலிருந்து ஒரு குரல்: "பதிமூணு."

கன்னியம்மா அன்றைக்கு ஆசிரியர் அறைக்கே ஓடி வந்தார். "பேசிடுச்சு மிஸ்! என் தப்பப் புட்ச்சிடுச்சு!"

அதன் பிறகு ஹேமாவை நிறுத்த முடியவில்லை. வீட்டிலும் பள்ளிக்கூட விளையாட்டுதான். தலையணைகளை வரிசையாக அடுக்கி, கையில் குச்சியோடு, "இன்னா வேடிக்க பாத்துக்கினு கீறீங்க? ஷோக்கா எய்தணும்!" என்று அதட்டியிருக்கிறாள். அவள் அம்மா திடுக்கிட்டுப் போனார். யார் இப்படிப் பேசுவது? எங்கள் மிஸ். எந்த மிஸ்? கன்னிம்மா மிஸ். அவள் பெற்றோர் ஏற்கெனவே ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தார்களாம், குழந்தையின் சடையில் தினமும் ஏன் பினாயில் வாசனை அடிக்கிறது என்று.

மறுநாள் காலை ஹேமாவின் அப்பா வந்தார். வாசலில் விசாரிக்காமல் நேரே ஷெட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தார். பிறகு அலுவலக அறையில் அவர் குரல் மாடிவரை கேட்டது. என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். நான் போனபோது கன்னியம்மாவும் அங்கே நின்றுகொண்டிருந்தார், விரல்களில் சுண்ணப்பொடியோடு.

"மெட்ரிகுலேஷன்னு போர்டு போட்டிருக்கீங்க. டாய்லெட் கழுவற ஆளு என் பொண்ணுக்கு கிளாஸ் எடுக்குது. கழுவின கையால தலைய பின்னி விடுது. என்ன மேடம் இது, அசிங்கமா இல்ல?"

கரஸ்பாண்டென்ட் அம்மா பதறவில்லை. "ஐயோ, தப்பா புரிஞ்சுக்கிட்டீங்க சார். இது டீச்சரே இல்ல, எடுபிடி. மிஸ் கொஞ்சம் அப்படி இப்படிப் போனா பசங்கள பாத்துக்கும். கிளாஸ் மிஸ் இவங்கதான். எம்.ஏ. படிச்சவங்க. கார்டுல இவங்க சைன்தானே சார் இருக்கு?"

என்னைக் காட்டினார். அந்த மனிதர் என் பக்கம் திரும்பினார். கன்னியம்மாவும் திரும்பினார். மேலே விமானம் எதுவும் போகவில்லை. ஆனாலும் நான் பாதி வாயைத் திறந்தபடி நின்றேன். பிறகு சொன்னேன்: "ஆமா சார். நான்தான்."

என் வாயால் சொன்னேன். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்று அந்தக் கணத்தில் நினைத்தேனா என்றால் அதுவும் இல்லை. பெரியவர்கள் இருவர் நான் தலையாட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள், ஆட்டினேன். அவ்வளவு கேவலமான காரணம். நாற்காலியைத் தள்ளுகிற கோபம் அந்த வயதில் எங்கே போயிருந்தது என்று இன்றைக்கும் எனக்கு என் மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

ஹேமாவின் அப்பா போன பிறகு கரஸ்பாண்டென்ட் அம்மா அதே பட்டுக் குரலில், "நாளைலேர்ந்து கிளாஸ் பக்கம் போகாத கன்னிம்மா. மத்த வேலையெல்லாம் எப்பவும் போல பாரு" என்றார்.

"மத்த வேலன்னா இன்னா இன்னாம்மா?"

"இது என்ன கேள்வி? எல்லாம்தான்."

"எய்திக் குடுங்கம்மா."

"என்னது?"

"என் வேல இன்னான்னு ஒரு காயிதத்துல எய்திக் குடுங்க. எது எய்திக்கீதோ அத்த செய்யறேன். எய்தாதத செய்ய மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பானை நிரம்பிவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

மறுநாள் ஏழரைக்குச் சரியாக வந்தார். மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். காகிதம் வரவில்லை, அவர் எழவில்லை. எட்டரைக்கு மணி அடிக்கவில்லை. பிரார்த்தனைக்கு யாரும் வரிசையில் நிற்கவில்லை. கடைசியில் உடற்பயிற்சி ஆசிரியர் விசிலை ஊதி ஊதி இருமிக்கொண்டார். பத்து மணிக்குப் பானைகள் காலி. பதினொன்றுக்கு ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. நாங்கள் ஆறு ஆசிரியைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றி நின்று, யாராவது மண் கொண்டு வாங்களேன் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். மண் எங்கே இருக்கிறது என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை. கழிப்பறையைப் பற்றி எழுதப் போவதில்லை. முன்கட்டு வீட்டில் மாவு ஆட்டப்படாமல் கிடந்தது.

எனக்கு யூகேஜி 'பி'யைக் கொடுத்திருந்தார்கள், நான்தானே வகுப்பாசிரியர். எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து அழுதார்கள். "கன்னிம்மா மிஸ் வேணும்." அகர வரிசையை அழகாக எழுதிப் போட்டேன். "மீனு எங்க?" என்று கேட்டார்கள். எனக்கு மீன் வரையத் தெரியவில்லை. நான் வரைந்ததைப் பார்த்து ஒரு பையன், இது செருப்பு மிஸ் என்றான். ஹேமா அன்றைக்கு முழுக்க வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை.

இரண்டாம் நாளும் இப்படியே போயிற்று. இடையில் ஒருமுறை தயங்கித் தயங்கிப் படிக்கட்டுக்குப் போனேன். "எதுக்கு கன்னிம்மா பிடிவாதம்? எழுதிக் கொடுத்தா மட்டும் என்ன ஆகப்போகுது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்குளுக்கு எய்திக் குடுத்துக்கீறாங்க இல்ல மிஸ்? தமிழ் ஆசிரியைன்னு? அத்த கிய்ச்சிப் போட்டுடுவீங்களா?"

நான் ஷெட்டுக்குத் திரும்பி நடந்தேன்.

மூன்றாம் நாள் கரஸ்பாண்டென்ட் அம்மா இறங்கி வந்தார். அதாவது, என்னைக் கூப்பிட்டார். வெள்ளைத் தாள் ஒன்றைத் தள்ளி, "உன் கையெழுத்துலேயே எழுது" என்று சொல்லச் சொல்ல எழுதினேன்: 'கன்னியம்மா என்பவர் இப்பள்ளியில் எடுபிடியாகப் பணிபுரிந்து வருகிறார். நிர்வாகம் இடும் எல்லா வேலைகளையும் செய்ய வேண்டியது.' ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதினேன். கன்னியம்மாவை வரச்சொல்லித் தாளைக் கையில் கொடுத்தார்கள்.

அவர் நின்றபடியே வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எடுபிடின்னா இன்னா மிஸ்? நீங்க தமிழ் மிஸ்தானே. அர்த்தம் சொல்லுங்க."

ஆகுபெயர் உதவவில்லை. "எல்லா வேலையும் செய்யறவங்க" என்றேன்.

"எல்லா வேலையுமா?"

"ஆமா."

"கிளாஸ் எடுக்கறது அதுல கீதா இல்லியா?"

கரஸ்பாண்டென்ட் அம்மா என்னைப் பார்த்தார். இருக்கிறது என்று சொல்ல ஒரு நொடி போதும். கன்னியம்மா அந்த நொடியை எனக்காகத் தாராளமாகவே கொடுத்தார். நான் தாளின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லன்னா அது எல்லா வேல இல்ல. கீதுன்னா நான் மிஸ்ஸு. ரெண்டுல ஒண்ண சொல்லுங்க, நான் போய் வேலயப் பாக்கறேன்."

"இஷ்டம் இருந்தா இரு. இல்லேன்னா கிளம்பு" என்றார் கரஸ்பாண்டென்ட் அம்மா. அவர் குரலில் பட்டு கிழிந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"கெளம்பறேம்மா."

குழந்தைகளிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று கேட்டார். வேண்டாம், அழுவார்கள் என்று தடுத்துவிட்டார்கள். அடிகுழாயில் முகம் கழுவிக்கொண்டு, வெறுங்கையோடு வாசலைத் தாண்டினார். ஷெட்டின் கம்பிச் சன்னலில் நாலைந்து தலைகள் தெரிந்தன. நான் போய் அவர்களை உட்காரச் சொன்னேன். அதுவும் என் வேலையாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுவர்க் கடிகாரத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். அவர் வீட்டு வாசலில் முறம் வைத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். கணவர் டீ வாங்கி வந்தார். டீ நீட்டிய அவர் உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்து வெளுத்திருந்தது. செய்தித்தாளைப் பிரித்துக் கடிகாரத்தை நீட்டினேன். "இது உனக்குச் சேர வேண்டியது கன்னிம்மா."

அவர் அதைக் கையில் வாங்கக்கூட இல்லை. "இத்த வச்சி நான் இன்னா பண்ண மிஸ்? மணி அடிக்கவா?"

டீயைக் குடித்துவிட்டு, கடிகாரத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு கேம்ப் ரோடு வரை நடந்தேன்.

அடுத்த ஆண்டு அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் அதே பள்ளியில் இன்னும் ஒன்பது வருடம் இருந்தேன். படிக்கிறவர்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும், இருந்தேன். கன்னியம்மா போன பிறகு அவர் வேலைக்கு மூன்று பேரை வைத்தார்கள். வாட்ச்மேன் ஒருவர், ஆயா ஒருவர், கழிப்பறை கழுவ ஒருவர். மூவருக்கும் வேலையின் பெயரை எழுதித் தாள் கொடுத்தார்கள். அந்த மூன்று தாள்களையும் நான்தான் எழுதினேன். யூகேஜி 'பி'க்குப் புது மிஸ்ஸும் வந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சாயங்காலம், தாம்பரம் மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "தமிழ் மிஸ்ஸு!" திரும்பினால் மீன் கூடைகளின் வரிசையில் கன்னியம்மா. முன்நெற்றியில் நரை. எதிரே விரித்த பிளாஸ்டிக் தாளில் நெத்திலி, பத்துப் பத்தாகக் கூறு கட்டியபடி.

"அக்கா" என்றேன். தானாக வந்தது. பத்து வருடம் தாமதமாக வந்தது. அவர் அதைக் கவனித்தாரா தெரியவில்லை. கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியதையும், இவர் அம்மா வீட்டுக்கே போய்விட்டதையும், விடிகாலை கரையில் ஏலம் எடுத்து பஸ்ஸில் இங்கே கொண்டுவருவதையும் சொன்னார். "ஒரே பேஜாரு மிஸ், கண்டக்டரு கூடய ஏத்த மாட்டேன்றான்" என்று சிரித்தார்.

நான் குனிந்து மெதுவாகச் சொன்னேன். அன்றைக்கு அறையில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று. கீரைக்கட்டைப் பிசைந்துகொண்டே சொன்னேன்.

"அன்னிக்கே சொல்லிருக்கணும்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, விடுங்கள் மிஸ் என்றும் சொல்லவில்லை. ஈயை விரட்டிவிட்டுச் சொன்னார்: "இப்போ எவுனாச்சும் இன்னா வேலன்னு கேட்டா ஒரே வார்த்தையில சொல்லிடுவேன் மிஸ். மீனு விக்கறேன்."

அதற்குள் வாடிக்கை வந்துவிட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நகர்ந்தேன். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

அந்த மீன் கூடை வரிசை இப்போது அங்கே இல்லை. ஏரிக்கரை வீடுகளும் இல்லை, அந்த இடத்தில் நான்கு மாடிக் கட்டடங்கள். குழந்தைகளை நசுக்கி அடைத்து வந்த ரிக்‌ஷாக்கள் போய்விட்டன. பெரிய பெரிய பள்ளிகள் வந்ததும் எங்கள் பள்ளி ஆள் குறைந்து மூடிப்போனது. ஷெட்டைப் பிரித்து விற்றார்கள். அங்கே இப்போது செல்போன் கடையும் மேலே உடற்பயிற்சிக் கூடமும். என் கையெழுத்துப் போட்ட அட்டைகள் மட்டும் யார் யார் வீட்டுப் பரணிலோ இன்னும் இருக்கும். கன்னியம்மாவின் எழுத்து எங்கேயும் இல்லை. அவர் எழுதியதெல்லாம் கரும்பலகையில். நாலு மணிக்குக் குழந்தைகள் போன பிறகு, ஈரத்துணியால் அதைத் துடைத்து வைப்பதும் அவருடைய வேலைதான்.